சென்னையில் கண்டுபிடிக்கப்பட்ட 'சில்வியா' சிறுகோள்... 270 கி.மீ. ராட்சதன் பூமியில் மோதுமா?

"பூமியை நோக்கி வரும் ராட்சத விண்கல்!" வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் வீடியோ தலைப்பு இது. 2025 பிப்ரவரியில் அந்த பயத்துக்கு நிஜமாகவே ஒரு காரணம் இருந்தது. '2024 ஒய்ஆர்4' என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22-ல் பூமியில் மோத 3.1% வாய்ப்பு இருப்பதாக நாசா கணக்கிட்டது. சில நாட்களிலேயே அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யமானது. அதன் அகலம் சுமார் 60 மீட்டர்தான்.

அப்படியென்றால், 270 கி.மீ. அகலமுள்ள சிறுகோளுக்கு எவ்வளவு பயப்பட வேண்டும்? பதில்: துளியும் வேண்டாம். காரணம், அதன் சுற்றுப்பாதை.

சென்னையில் இருந்து பார்த்தவர் யார்?

அந்த ராட்சதனின் பெயர் சில்வியா. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தில் இருந்து 1866 மே 16-ல் இதைக் கண்டுபிடித்தவர் நார்மன் போக்சன். 1861-ல் இவர் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு 'ஆசியா' என்றே பெயர். ஆசியக் கண்டத்தில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது.

சில்வியா எங்கே இருக்கிறது?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. இதுதான் சிறுகோள் பட்டை. சில்வியா இருப்பது அதன் வெளி ஓரத்தில்.

தூரத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. சூரியன் திருப்பூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுமார் 50 கி.மீ. தள்ளி, கோவை தூரத்தில் பூமி. அதே அளவில் சில்வியா சுமார் 175 கி.மீ. தள்ளி, அதாவது திருச்சி தூரத்தில் இருக்கும். வியாழன் கும்பகோணம் தூரத்தில். திசையை விட்டுவிடுங்கள், தூரத்தை மட்டும் பாருங்கள்.

சில்வியா ஒரு சுற்று முடிக்க சுமார் 6.5 ஆண்டுகள் ஆகும். அதன் பாதை கிட்டத்தட்ட வட்டம். சூரியனை மிகவும் நெருங்கும்போதுகூட சுமார் 47 கோடி கி.மீ. தள்ளியே நிற்கும். பூமியோ 15 கோடி கி.மீ. தூரத்தில் சுற்றுகிறது. இரண்டு பாதையும் எங்கேயும் கிட்டக்கூட வராது.

அப்போ 60 மீட்டர் கல் மட்டும் ஏன் பயமுறுத்தியது?

ஒய்ஆர்4-ன் பாதை நீண்ட முட்டை வடிவம். நம்ம கணக்கில், அது ஒரு முறை கோவை தூரத்துக்கும் உள்ளே வந்துவிட்டு, அப்புறம் திருச்சி தூரத்தையும் தாண்டிப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் பாதையைக் கடக்கிறது. சிக்கல் அங்கேதான்.

பட்டையில் கிடக்கும் கல் இப்படித் தடம் மாற முக்கியக் காரணம் வியாழன். அது சூரியனைச் சுற்ற சுமார் 12 ஆண்டுகள் ஆகும். ஒரு கல் 4 ஆண்டுக்கு ஒரு சுற்று போனால், வியாழனின் இழுப்பு திரும்பத் திரும்ப அதே தாளத்தில் விழும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல. பல லட்சம் ஆண்டுகளில் வட்டம் நீண்டு, கல் பூமி பக்கம் வந்துவிடும். சில்வியாவின் 6.5 ஆண்டு சுற்று இந்தத் தாளத்தில் சிக்கவில்லை.

ஆராய்ச்சியில் ஏன் முக்கியம்?

சில்வியாவுக்கு ரோமுலஸ், ரெமஸ் என இரண்டு குட்டி நிலவுகள் உண்டு. 2001-ல் ஒன்று, 2004-ல் இன்னொன்று தெரியவந்தது. இரட்டை நிலவுகள் இருப்பதாக உறுதியான முதல் சிறுகோள் இதுதான். அந்த நிலவுகள் சுற்றும் வேகத்தை வைத்து சில்வியாவின் எடையைக் கணக்கிட்டார்கள். அதன் அடர்த்தி தண்ணீரைவிட கொஞ்சம்தான் அதிகம். கெட்டிப் பாறையாக இருந்தால் இவ்வளவு லேசாக இருக்காது. உள்ளே ஏகப்பட்ட இடைவெளி இருக்க வேண்டும்.

அடுத்த வீடியோ வந்தால்?

கல் எவ்வளவு பெரிது என்று கேட்பதற்கு முன், அதன் பாதை பூமியின் பாதையைக் கடக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து, எத்தனை நாள் கவனித்துச் சொன்ன கணக்கு என்று பாருங்கள். ஒய்ஆர்4 கண்டுபிடிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாதபோது வந்த எண்தான் 3.1%. கவனித்த நாட்கள் கூடக் கூட கணக்கு துல்லியமானது, பயமும் போனது. சில்வியாவையோ, சென்னையில் முதன்முதலில் பார்த்த நாளில் இருந்து 150 ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து வருகிறார்கள்.