தலையெண்ணிக்கையும் தாய்மொழிப் பள்ளியும்

ஒரு சிற்றூரின் பள்ளியை மூடுவதென்பது, அவ்வூரின் அடுத்த தலைமுறைக்கு இனி அங்கு இடமில்லை என்று பறைசாற்றுவதாகும். அப்பள்ளி நலிந்துவரும் ஒரு மொழியின் பள்ளியாகவும் இருந்துவிட்டால், ஊரோடு மொழியும் சேர்ந்தே வெளியேற்றப்படுகின்றது. பிரித்தானியத் தீவின் மேற்கே அமைந்த வேல்சு நாட்டில், வட்டார மன்றங்கள் சிற்றூர்ப் பள்ளிகளை மூடிவருவதை எதிர்த்துப் பெற்றோர் நடத்தும் போராட்டம், தாய்மொழி காக்க முனைவார் அனைவரும் கூர்ந்து நோக்கற்குரியது.

1901-ஆம் ஆண்டில் வேல்சு மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வேல்சுமொழி பேசினர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மொழி பேசுவார் 17.8 விழுக்காட்டினரே, எண்ணிக்கையில் ஏறத்தாழ 5,38,300 பேர். இவ்வீழ்ச்சிக்குப் பள்ளியும் ஒரு கருவியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வகுப்பறையில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டு இழிவுபடுத்தும் கொடுமை அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் நடந்தது. பள்ளியால் பறிபோன மொழியைப் பள்ளியாலேயே மீட்டல் வேண்டும் என்னும் உணர்வு, பின்னர் அங்குப் பெற்றோரிடையே வேரூன்றியது.

அவ்வுணர்வின் முதல் விளைவு 1939-இல் தோன்றியது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியவுடன், ஆங்கில நகரங்களிலிருந்து பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக அபரிசுட்டுவித்து நகருக்கு அனுப்பப்பட்டனர். அங்குள்ள பள்ளிகள் ஆங்கிலமயமாகிவிடும் என்று அஞ்சிய இவான் அப் ஓவன் எட்வர்ட்சு என்பார், வேல்சுமொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட முதல் தொடக்கப்பள்ளியைத் தனியார் முயற்சியாகவே நிறுவினார். முதல்நாள் அப்பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எழுவர். அவ்வெழுவரை வைத்துத் தொடங்கிய முயற்சியின் வழித்தடத்தில், 1947-இல் இலனெல்லி நகரில் வட்டார ஆட்சியே வேல்சுமொழித் தொடக்கப்பள்ளியைத் திறந்தது. அதன்பின் அத்தகு பள்ளிகள் நாடெங்கும் பெருகின. எழுவர் போதார் என்று அன்று எவரேனும் கணக்குப் பார்த்திருப்பின் இவ்வளர்ச்சி ஏது?

இனி, 2021-ஆம் ஆண்டிற்கு வருவோம். குவினெத்து வட்டாரத்தின் கடற்கரைச் சிற்றூராகிய அபர்சோக்கில் 1924 முதல் ஒரு வேல்சுமொழிப் பள்ளி நடந்துவந்தது. அதன் முழுநேர மாணவர் தொகை பத்துக்கும் கீழே இறங்கியது. வட்டார மன்றம் அதனை மூட முடிவு செய்தது. பெற்றோரும் ஊராரும் எதிர்த்தனர். வேல்சுமொழிக் கழகத்தார் துணைநின்றனர். எனினும் அவ்வாண்டு திசம்பர்த் திங்களோடு பள்ளி மூடப்பட்டது. அம்மன்றத்தை அன்று ஆண்டது ஆங்கிலக் கட்சியன்று. வேல்சுநாட்டு உரிமைக்காகவே தோன்றிய கட்சி என்பதுதான் நெஞ்சை உறுத்தும் செய்தி.

மன்றத்தாரின் கூற்றையும் எடுத்துரைப்பதே நடுவுநிலைமை. பிள்ளைகள் சென்று சேரவேண்டிய பள்ளி ஏறத்தாழ ஒன்றரைக் கல் தொலைவிலேயே இருந்தது. அதுவும் வேல்சுமொழிப் பள்ளியே. ஒரே அகவையினர் ஓரிருவரே உள்ள வகுப்பில் பிள்ளைகளின் விளையாட்டும் உரையாட்டும் குன்றும். வட்டாரத்தின் பிற பள்ளிகளைவிட இங்கு ஒரு பிள்ளைக்கு ஆன செலவு பன்மடங்கு மிகுதி. அப்பணம் பிற பிள்ளைகளுக்கும் உரியது. இவை பொய்யல்ல, புறந்தள்ளத் தக்கனவுமல்ல.

ஆயினும், பிள்ளைகள் ஏன் குறைந்தனர் என்னும் வினாவிற்கு இக்கணக்கில் விடையில்லை. அபர்சோக்கு, செல்வர்கள் கோடையைக் கழிக்க விரும்பும் ஊர். ஆண்டில் சில கிழமை மட்டும் தங்குவதற்காக வெளியார் அங்கு வீடுகளை வாங்கிக் குவித்தனர். வீட்டு விலை விண்ணை முட்டியது. உள்ளூரில் பிறந்து உள்ளூரில் உழைக்கும் இளங்குடும்பத்தார் ஆங்கொரு வீடு வாங்க இயலாது வெளியேறினர். குளிர்காலத்தில் விளக்கெரியாத வீடுகள் மிகுந்த ஊரில் பள்ளிக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவர்? தாய்மொழியை வெறுத்து எவரும் அப்பள்ளியை விட்டு ஓடவில்லை. வாழ இடமின்றி அகன்றனர். இரண்டாம் வீடுகளுக்குக் கூடுதல் வரி தண்ட வட்டார மன்றங்களுக்கு உரிமை கிடைத்தது 2017-இல்தான். அதற்குள் சேதம் நிகழ்ந்துவிட்டது. நோயைத் தடுக்கக் காலம் தாழ்த்தியவர்கள், நோயாளியின் மெலிவைச் சுட்டிக்காட்டி உணவை நிறுத்தியது போன்றதே இது.

பெற்றோர் எல்லா இடத்தும் தோற்றனர் என்பதும் இல்லை. சுவான்சீப் பள்ளத்தாக்கில் மூன்று தொடக்கப்பள்ளிகளை மூடி, பொந்தர்தவேயில் ஒரு பேரளவான ஆங்கிலவழிப் பள்ளி அமைக்க அவ்வட்டார மன்றம் 2021-இல் திட்டமிட்டது. மூடப்படவிருந்தவை ஆங்கிலவழிப் பள்ளிகளே. ஆனால் புதுக்கட்டடப் பகட்டோடு எழும் அப்பெரும் பள்ளி, அருகிலுள்ள வேல்சுமொழிப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை ஈர்த்துவிடும் என்பதைப் பெற்றோர் உணர்ந்தனர். 1952 முதல் இயங்கிவரும் வேல்சுமொழிக் கல்விக்கான பெற்றோர் அமைப்பு உயர்வழக்கு மன்றம் சென்றது. மொழிக்கு நேரும் விளைவை உரியவாறு ஆய்ந்து மக்கள் கருத்தைக் கேளாமல் மேற்கொண்ட முடிவு சட்டத்திற்கு மாறானது என்று 2022-இல் தீர்ப்பு வந்தது.

இவ்வெற்றியின் கமுக்கம் யாது? உணர்ச்சி மட்டுமன்று; சட்டமும் ஆகும். பள்ளிகளைத் திறத்தல், மூடல் பற்றிய வேல்சு அரசின் நெறிமுறை, மொழிக்கு நேரும் விளைவைக் கணித்தாக வேண்டும் என்று மன்றங்களைக் கட்டுப்படுத்துகின்றது. 2018-இல் திருத்தப்பெற்ற நெறிமுறையோ, நாட்டுப்புறப் பள்ளியை மூடாதிருத்தலையே முதற்கொள்கையாகக் கொண்டு, மாற்றுவழிகள் அனைத்தையும் ஆராயுமாறு பணிக்கின்றது. இச்சட்டம் பள்ளியை எந்நிலையிலும் காத்துவிடும் என்பதற்கில்லை. அபர்சோக்கே அதற்குச் சான்று. ஆயின் சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் படித்து, ஒவ்வொரு கருத்துக்கேட்பிலும் எழுந்து நின்று வினவும் பெற்றோர் உள்ள இடத்தில், அவ்வரிகள் வாளாகின்றன. படிப்பாரற்ற இடத்தில் அவை வெறுந்தாளே.

2050-ஆம் ஆண்டிற்குள் வேல்சுமொழி பேசுவாரைப் பத்து இலக்கம் பேராக உயர்த்துவதாக அவ்வரசு 2017-இல் திட்டம் வகுத்தது. அவ்விலக்கை எட்டும் வழி, தலைநகரில் அச்சிடப்படும் அறிக்கையில் இல்லை. பள்ளி நிலைக்கும் சிற்றூரிலும், அங்கு வாழத்தக்க வீட்டிலும், தொழிலிலும் உள்ளது. மொழிக்கொள்கை ஒருபுறமும் வீட்டுக்கொள்கை மறுபுறமும் இழுத்தால் கயிறு அறுந்தே தீரும்.

தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகின்றனர் என்னும் பேச்சு எழும்போதெல்லாம் தமிழர் முதற்கண் எழுப்பவேண்டிய வினாவும் இதுவே: ஏன் குறைந்தனர்? அக்கரணியத்தைக் களையாது தலையை மட்டும் எண்ணுவோர், எண்ணி முடித்தபின் பூட்டையே தேடுவர். எழுவரைக் கொண்டு தொடங்கியது ஒரு மொழியின் மீட்சி. எழுவரும் வளர்வதற்குரிய ஊரை விட்டுவைப்பதே ஆட்சியின் கடமை. அதனை ஆட்சி மறவாதிருக்கச் செய்வது பெற்றோரின் கடமை.