இடுப்பிலிருந்து கால்வரை சுண்டி இழுக்கும் வலி... ஆபரேஷன்தான் ஒரே வழியா?

குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் சுளீரென்று ஒரு பிடிப்பு. இரண்டு நாள் கழித்து அந்த வலி பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை கரன்ட் ஷாக் அடித்ததுபோல இறங்குகிறது. இருமினாலும் தும்மினாலும் கூடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்'. 'ஜவ்வு விலகிடுச்சாம், ஆபரேஷன் பண்ணணுமாம்' என்று வீடே கலங்கிப்போகிறது.

இந்த வலிக்கு சியாட்டிகா என்று பெயர். இது வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆபரேஷன் இல்லாமலேயே குணமாகிறார்கள். ஆனால், ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத சில அறிகுறிகளும் இருக்கின்றன. இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இடுப்பில் பிரச்னை, காலில் ஏன் வலி?

நம் உடலிலேயே தடிமனான நரம்பு சியாட்டிக் நரம்பு. கீழ் முதுகிலிருந்து கிளம்பும் 5 நரம்பு வேர்கள் சேர்ந்து இது உருவாகிறது. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் ஜவ்வு பிதுங்கி, இந்த வேர்களில் ஒன்றை அழுத்தினால் அந்த இடம் வீங்கிப் புண்படும். அந்த நரம்பு போகும் வழியெல்லாம் வலிக்கும், மரத்துப்போகும்.

நல்ல செய்தி என்னவென்றால், பிதுங்கிய ஜவ்வைப் பலருக்கு உடலே மெள்ள மெள்ள கரைத்துச் சுருக்கிவிடும். அதற்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும்.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படலாமா?

முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி, 20 வயதினரில் 30 சதவிகிதம் பேருக்கும், 50 வயதினரில் 60 சதவிகிதம் பேருக்கும் 'டிஸ்க் பல்ஜ்' இருந்தது. எந்த வலியும் இல்லாமலேயே! எனவே, ஸ்கேனில் தெரிவதும் உங்கள் காலில் இருக்கும் அறிகுறியும் பொருந்துகிறதா என்று மருத்துவர் சோதித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஆபரேஷனா, காத்திருப்பதா?

நெதர்லாந்தில் கடுமையான சியாட்டிகாவால் 6 முதல் 12 வாரங்கள் அவதிப்பட்ட 283 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மற்ற குழுவுக்கு வலி மாத்திரை, இயன்றவரை அன்றாட வேலை, அசையவே பயந்தவர்களுக்கு பிசியோதெரபி. 2007-ல் வெளியான முடிவுகளின்படி, ஆபரேஷன் குழுவுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால், ஒரு வருட முடிவில் இரண்டு குழுவிலும் 95 சதவிகிதம் பேர் குணமாகியிருந்தார்கள்.

இரண்டாவது குழுவில் 39 சதவிகிதம் பேர் வலி தாங்காமல் அந்த ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆபரேஷன் தேவைப்பட்டால் அது தோல்வி இல்லை. முதலில் காத்திருந்து பார்க்கப் பெரும்பாலானோருக்கு அவகாசம் இருக்கிறது என்பதே இதில் நமக்கான சேதி.

பிசியோதெரபியில் என்ன செய்வார்கள்?

மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் வளைந்தால் வலி குறைகிறது என்று கவனிப்பார்கள். ஜவ்வுப் பிரச்னை உள்ள பலருக்குக் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தும் பயிற்சி உதவும். அப்போது பாதத்தில் இருந்த வலி தொடைக்கும், தொடையில் இருந்தது இடுப்புக்கும் ஏறினால் அது நல்ல அறிகுறி. வலி இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வலி தணியத் தணிய நடைப்பயிற்சி, வயிறு மற்றும் இடுப்புத் தசைகளுக்கான பயிற்சிகள் சேரும்.

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைப் பார்த்து நீங்களாகச் செய்யக் கூடாது. காரணம், தண்டுவடப் பாதை சுருங்கிய வயதானவர்களுக்கு நிலைமை நேரெதிர். அவர்களுக்கு முன்பக்கம் குனிந்தாலோ உட்கார்ந்தாலோதான் நிம்மதி. பின்னால் வளையும் பயிற்சி வலியைக் கூட்டிவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு பாதங்களும் எரிந்தால் அது வேறு நரம்புப் பிரச்னையாகவும் இருக்கலாம்.

நாள்கணக்கில் படுத்தே கிடப்பதும் வேண்டாம். வலி கடுமையாக இருக்கும் ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு, வீட்டுக்குள்ளேயாவது அவ்வப்போது நடக்க வேண்டும்.

பிசியோதெரபிக்குச் செலவாகுமே என்று தயங்குபவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தரும் வசதியும் உண்டு.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியது எப்போது?

* சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீர், மலம் தன்னையறியாமல் வெளியேறினாலோ...
* சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போனாலோ...
* பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ, கால் நாளுக்கு நாள் பலமிழந்தாலோ...
* இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் வலியும் பலவீனமும் வந்தாலோ...

அன்றே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். முதல் இரண்டும் தண்டுவடத்தின் கீழ்முனையில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அது உறுதியானால் அவசர ஆபரேஷன்தான் வழி. தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் புது முதுகுவலி ஆகியவற்றுக்கும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாதபோது ஆபரேஷன் என்று சொன்னால், மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: 'ஸ்கேனில் இருப்பதுதான் என் கால் வலிக்குக் காரணமா? கால் பலம் குறைந்திருக்கிறதா? ஆறு வாரம் பிசியோதெரபி செய்துவிட்டு வந்தால் ஏதாவது ஆபத்து உண்டா?'

பதிலைக் கேட்டபிறகு வீட்டில் கலந்து பேசி முடிவெடுங்கள்.