‘வரேக்க பாப்பம்’ என்று கடையை இழக்காதீர்கள்

தென் லண்டனின் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்களிடம் புதிய சட்டம் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “அதெல்லாம் பெரிய கொம்பனியளுக்கு. எங்களுக்கு வந்தா, வரேக்க பாப்பம்.” நோர்பரியிலும் ரூட்டிங்கிலும் குரொய்டனிலும் இதையேதான் சொல்கிறார்கள். பல வருட வியாபார அனுபவத்தின் முதிர்ச்சியாக இந்தப் பேச்சு மதிக்கப்படுகிறது. அந்த மதிப்புக்கு இது தகுதியற்றது. எங்கள் கடைகளுக்குத் தவிர்த்திருக்கக்கூடிய நட்டங்களைக் கொண்டுவருவது இந்த நம்பிக்கைதான்.

இந்த நம்பிக்கை வளர்ந்ததற்கு அரசாங்கமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2016 வாக்கெடுப்பைத் தொடர்ந்து நாடு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியது. அதன் பிறகு, ஐரோப்பாவிலிருந்து வரும் உணவுப் பொருட்களுக்கான எல்லைச் சோதனை 2021இல் என்றார்கள், 2022இல் என்றார்கள், திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டார்கள். ‘இனி வராது’ என்று பலர் முடிவுகட்டிய பின்னர், 2024 ஏப்ரல் 30 அன்று சோதனை வந்தே விட்டது. டோவர் வழியாகவும் சுரங்கப்பாதை வழியாகவும் வரும் இறைச்சி, பாலுணவு போன்றவற்றுக்குச் சரக்கு வகை ஒன்றுக்கு 29 பவுண் வரை, ஒரு தொகுதிக்கு உச்சமாக 145 பவுண் கட்டணம் விதித்தார்கள். லொறி நிறையக் கொண்டுவரும் சுப்பர்மார்க்கெட்டுக்கும், ஐந்து வகையில் பத்துப் பெட்டி கொண்டுவரும் சிறு இறக்குமதியாளருக்கும் அதே 145 பவுண்தான். சுப்பர்மார்க்கெட்டின் ஒரு பெட்டியில் அந்தச் செலவு சில பென்ஸ். சிறியவரின் ஒரு பெட்டியில் அது பதினான்கரைப் பவுண். ‘சட்டம் பெரியவர்களுக்கு’ என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

எல்லாச் சட்டமும் இப்படி ஆடி அசைந்து வருவதில்லை. இந்திய மாம்பழத்தையும் பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேப்ப இலை ஆகியவற்றையும் பழ ஈ முதலிய பூச்சிகளைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது நினைவிருக்கும். 2014 மார்ச் கடைசியில் முடிவெடுத்தார்கள். மே 1இல் தடை நடைமுறைக்கு வந்தது. மாம்பழத் தடை 2015இல் நீங்கியது. மரக்கறிகளுக்கு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. தடை இந்தியச் சரக்குக்கு மட்டுமே. வேறொரு நாட்டிலிருந்து எடுக்கும் இரண்டாவது மொத்த வியாபாரியை முன்பே தேடி வைத்திருப்பவர்தான் இப்படியான நாளில் தட்டை நிரப்ப முடியும். ஐந்து கிழமைக்குள் புதிதாகத் தேடத் தொடங்கினால் முடியாது.

நேரம் தந்த சட்டங்களுக்கும் நாங்கள் ஆயத்தமாகவில்லை. ஒருமுறை பாவித்து எறியும் வேப்புகளை இங்கிலாந்தில் 2025 ஜூன் 1 முதல் விற்க முடியாது என்று 2024 ஒக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள். அந்தத் திகதிக்குப் பிறகு விற்பனைக்கு வைத்திருப்பதும் குற்றம். ஏழு மாத அவகாசம் இருந்தும் மலிவாகக் கிடைக்கிறது என்று ஏப்ரலிலும் மே மாதத்திலும் பெட்டி பெட்டியாக வாங்கியவர் தன் காசைத் தானே குப்பையில் போட்டார்.

ஆயத்தம் என்றால் நட்டத்தைத் தடுப்பது மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. 2024 ஒக்டோபர் பட்ஜெட்டில், வேலை கொடுப்பவர் கட்டும் நாஷனல் இன்சூரன்ஸ் 13.8 வீதத்திலிருந்து 15 வீதமாகும் என்றார்கள். ஆளொருவருக்கு வருடம் 9,100 பவுணுக்கு மேற்பட்ட சம்பளத்துக்குக் கட்டியதை 5,000 பவுணுக்கு மேலேயே கட்ட வேண்டும் என்றார்கள். இந்தச் செய்தி எல்லாக் கடைக்கும் பரவியது. அதே பட்ஜெட்டில், இந்தத் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளக்கூடிய எம்ப்ளோய்மென்ட் அலவன்ஸ் 5,000 பவுணிலிருந்து 10,500 பவுணாக உயர்ந்ததோ பலரின் காதில் விழவில்லை. 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தில், வாரம் 40 மணி நேரம் வேலை செய்யும் மூன்று பேருக்கு வருடத்துக்கு வரும் வரி ஏறக்குறைய 9,200 பவுண். அலவன்ஸைக் கோரினால் கட்டவேண்டியது ஒன்றுமில்லை. செய்தியில் பாதியைக் கேட்டுப் பயந்து ஆளைக் குறைப்பவர், தேவையில்லாமல் ஒரு குடும்பத்தின் வருமானத்தை வெட்டுகிறார்.

“எக்கவுண்டன் பாப்பார்” என்பது இதே நம்பிக்கையின் இன்னொரு முகம். நீங்கள் கொடுக்கும் பில்லுகளை வைத்துப் போன வருடத்துக் கணக்கை அவர் எழுதுவார். இந்த மாதம் கல்லாவில் நடப்பது அவருக்குத் தெரியாது. வற் பதிவுக்கான எல்லை 12 மாதத்துக்கு 90,000 பவுண். அரிசிக்கும் பருப்புக்கும் வற் பூச்சியம் என்பதால் அவற்றின் விற்பனை இந்த எல்லைக்குள் சேராது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சேரும். கொம்பனியாகப் பதியாமல் சொந்தப் பெயரில் தொழில் செய்பவரின் மொத்த வரவு 50,000 பவுணைத் தாண்டினால், 2026 ஏப்ரல் 6 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஜிட்டல் கணக்கு அனுப்ப வேண்டும். 2027இல் இந்த எல்லை 30,000, 2028இல் 20,000. இங்கே பார்ப்பது இலாபத்தையல்ல, வரவை. ஷூ பெட்டியில் பில் சேர்க்கும் பழக்கத்துக்கு இனி இடமில்லை.

காசின் நிலையும் எங்களைக் கேட்டு மாறுவதில்லை. 2022 தொடக்கத்தில் ஒரு பவுணுக்கு 1.35 டொலர் அளவில் கிடைத்தது. செப்டெம்பர் 26 அன்று அது 1.03 வரை விழுந்தது. டொலரில் வாங்கும் மொத்த வியாபாரியின் விலை வழியாக அந்த வீழ்ச்சி சின்னக் கடைக்கும் வரும். இங்கிலாந்து வங்கியின் வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 வீதம், 2023 ஓகஸ்டில் 5.25 வீதம். மூன்று மாத வாடகையையும் சம்பளத்தையும் தனியாக எடுத்துவைக்காமல், சீட்டுக் காசை மட்டும் நம்பி நடத்தும் கடை இப்படியான வருடத்தில் தள்ளாடும். அதோடு சீட்டில் சேர்ந்த மற்றவர்களும் தள்ளாடுவார்கள்.

செய்யவேண்டியது மலையைப் புரட்டும் வேலையல்ல. மாதத்தில் ஒரு மாலை ஒதுக்கி, வரப்போகும் திகதிகளை எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள். முக்கியமான சரக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஆளைத் தேடுங்கள். லண்டன் மேயரின் ‘குரோ லண்டன் லோக்கல்’ இலவச ஆலோசனை தருகிறது. கடன் இறுக்கினால் ‘பிசினஸ் டெட்லைன்’ இலவசமாக வழி சொல்லும். வரி கட்ட முடியாவிட்டால், திகதி தவறுவதற்கு முன்பே வரித் திணைக்களத்துடன் தவணை பேசலாம்.

கோயில்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஊர்ச் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் விழா மலர்களில் வரும் விளம்பரங்கள் இந்தக் கடைக்காரர்கள் தந்தவை. வருடத்தில் இரண்டு மாலை, தமிழில், இந்தச் சட்டங்களை விளக்கும் கூட்டம் வையுங்கள். கடைக்காரர்களே, அந்தக் கூட்டத்தை நீங்களே உரிமையோடு கேளுங்கள். திகதி முன்பே தெரிந்த நட்டத்துக்குத் தலைவிதியைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.