1.225 என்ற எண்ணும் நம் ஊர்க் காற்றும்

எடை தூக்கும் மாதிரி விமானங்களை மாணவர்கள் வடிவமைத்துப் பறக்கவிடும் எஸ்.ஏ.இ. ஏரோ டிசைன் போட்டி 1986இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் வழியில் எஸ்.ஏ.இ. இந்தியாவின் தென்மண்டலப் பிரிவும் நம் மாணவர்களுக்குப் போட்டி நடத்துகிறது. தாமிரபரணிக் கரைக் கல்லூரிகளில் அணி திரட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பால்சா மரத்தை வெட்டத் தொடங்கும் முன்பே காற்றைக் கணக்கில் எடுக்க வையுங்கள்.

வடிவமைப்பு அறிக்கைகளில் காற்றின் அடர்த்தி என்றதும், கனமீட்டருக்கு 1.225 கிலோ என்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது கடல்மட்டத்தில் 15 டிகிரிக் காற்றுக்கு உரியது. பாளையங்கோட்டையில் சித்திரை மதியம் 15 டிகிரியை யார் கண்டது? 40 டிகிரியில் அடர்த்தி சுமார் 1.13தான். அதே வேகத்தில் தூக்குவிசை 8 விழுக்காடு குறையும். 3 கிலோ விமானத்தில் கால் கிலோ பேலோடு போயிற்று. ப்ரொப்பல்லரின் உந்துவிசையும் கூடவே இறங்கும்.

ஆனி, ஆடியில் சிக்கல் வேறு. செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே பாயும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்கின்றன. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் பறக்கும் மாதிரியைப் பின்னாலிருந்து 3 மீட்டர் வேகக் காற்று திடீரென அடித்தால், இறக்கைக்குக் கிடைக்கும் காற்றுவேகம் 9 ஆகிறது. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 56 விழுக்காடுதான் மிஞ்சும். இறங்குவதற்காக வளையும்போது இது நேர்ந்தால், பறக்கவிடும் மாணவர் பதறி மூக்கைத் தூக்குவார். அடுத்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால்தான். பழி வழக்கம்போல சர்வோவின் தலையில் விழும்.

காற்றில்லாத விடியற்காலையில் மட்டும் சோதித்துவிட்டு நண்பகல் சுற்றுக்கு வரும் அணியை நடுவர்கள் எளிதில் அடையாளம் காணலாம். அதன் குறிப்பேட்டில் வெப்பநிலை, காற்றுவேகம் என்ற பத்திகளே இருக்காது. எஸ்.ஏ.இ. போட்டி, தூக்கிய எடையோடு அணி முன்கூட்டிச் சொன்ன எடையையும் நெடுங்காலம் மதிப்பிட்டது. கல்லூரி அளவுப் போட்டிகளிலும் அதற்கு மதிப்பெண் ஒதுக்கலாம். சொன்னது 900 கிராம், தூக்கியது 900 கிராம் என்று வரும் அணியை, குருட்டாம்போக்கில் ஒன்றரைக் கிலோ தூக்கிய அணிக்கு மேலே வைக்க நமக்குத் தயக்கமில்லை.

சோதனைக் களத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி, கல்விக்காகக் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோ வரையிலான மாதிரிகளுக்கு வகைச்சான்று தேவையில்லை. ஆனால் வான்வெளி மண்டலக் கட்டுப்பாடுகள் அவற்றுக்கும் உண்டு. விஜயநாராயணத்தில் கடற்படை நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம் என்றிருக்கும் மாவட்டம் இது. பேட்டரியைச் செருகும் முன் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.