கடை பூட்டியிருக்கப் பவுண் விலை மாறுவது எப்படி?

போயா தினத்தில் வங்கியும் இல்லை, நகைக்கடையும் இல்லை. மறுநாள் காலை போனால் பவுணுக்கு மூவாயிரம் ரூபா மாறியிருக்கிறது. நேற்று இங்கே ஒருவரும் விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. அப்படியானால் விலையை மாற்றியது யார் என்று சகோதரிகள் பலர் கேட்கிறார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் சில வேளை நடக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு.

பவுணின் விலை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலோ கொழும்பு செட்டியார் தெருவிலோ தீர்மானிக்கப்படுவதில்லை. இலண்டனில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, அந்நாட்டு நேரப்படி காலை 10.30க்கும் பிற்பகல் 3.00க்கும், தங்கத்துக்கு ஓர் அடிப்படை விலை குறிக்கப்படுகிறது. அந்தப் பிற்பகல் விலை வரும்போது இங்கே இரவு ஏழரை மணி. அவர்களுக்குக் குளிர்காலமென்றால் எட்டரை. நமது கடைகள் கதவு சாத்தியிருக்கும். அதன் பிறகும் நாம் நித்திரை கொள்ளும் நேரமெல்லாம் நியூயோர்க்கில் வியாபாரம் நடக்கும். சனிக்கிழமை விடியப்புறம் மூடும் அந்தச் சந்தை திங்கள் விடியப்புறம் திறந்துவிடும். போயா பற்றி அவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு காரணம் டொலர். உலகச் சந்தையில் தங்கத்தின் விலை அவுன்ஸ் கணக்கில், டொலரில் சொல்லப்படுகிறது. ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், நமது பவுண் 8 கிராம். ஆகவே ஓர் அவுன்ஸ் கிட்டத்தட்ட நாலு பவுண். இரவோடிரவாக அவுன்ஸுக்கு 40 டொலர் கூடியது, ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அவுன்ஸுக்கு 12,000 ரூபா. நாலால் பிரித்தால் பவுணுக்கு 3,000. இது 24 கரட்டுக்கு. நாம் போடும் 22 கரட் நகைக்குச் சற்றுக் குறையும். தங்கம் ஏறாவிட்டாலும் ரூபா விழுந்தால் பவுண் விலை ஏறும். 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் உலகச் சந்தையில் தங்கம் இறங்கியது. டொலரோ 200 ரூபா அளவிலிருந்து 360 வரை போனது. இங்கே நகை விலை ஏறியது அதனால்தான்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் சேமிப்பைப் போடும் முதலீட்டு நிதியங்களிலும் இதே கதைதான். ஒரு நாட்டுக் கம்பனிகளின் பங்குகளை வைத்திருக்கும் நிதியம் இன்னொரு நாட்டுச் சந்தையில் விற்கப்படுவதுண்டு. 2015 ஜூன் 29ஆம் திகதி கிரேக்க நாட்டில் வங்கிகளும் பங்குச் சந்தையும் மூடப்பட்டிருந்தன. கிரேக்கப் பங்குகளை வைத்திருந்த நிதியம் ஒன்று அன்றே நியூயோர்க்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது. ஏதென்ஸில் ஒரு பங்குகூடக் கைமாறவில்லை. திறந்தால் என்ன விலை போகும் என்று அங்கே ஆட்கள் கணித்த விலை அது. ஐந்து கிழமை கழித்து, ஓகஸ்ட் 3ஆம் திகதி ஏதென்ஸ் சந்தை திறந்தது. முதல் நாளே 16 வீதம் இறங்கியது.

நமக்கு அப்படி நடந்தது 2013 சித்திரைப் புத்தாண்டில். ஏப்ரல் 13, 14 சனி, ஞாயிறு. அதற்கு முதல் நாள் வெள்ளியும் அடுத்து வந்த திங்களுமாக, இரண்டே வியாபார நாட்களில் தங்கம் அவுன்ஸுக்கு 200 டொலர் அளவில் விழுந்தது. நாம் பொங்கிப் படைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் காப்பும் சங்கிலியும் மதிப்பிழந்துவிட்டன. விலை உச்சத்தில் இருந்தபோது கூடிய தொகைக்கு அடைவு வைத்தவர்கள் மீட்கத் தயங்கினார்கள். நாட்டின் வங்கிகள் பலவும் அடைவுக் கடனில் நட்டப்பட்டன. பவுண் ஏறிவிட்டது, மேலதிகமாகக் காசு தருகிறோம் என்றால் நான் யோசித்துத்தான் வாங்கச் சொல்வேன். பவுண் இறங்கினாலும் வாங்கிய கடன் இறங்காது.

அதேபோல, ஏற்கெனவே அடைவில் இருக்கும் நகைக்காக ஒவ்வொரு நாளும் விலை பார்த்துப் பதறவும் தேவையில்லை. நீங்கள் கட்ட வேண்டியது வாங்கிய தொகையும் அதற்கான வட்டியும்தான். பார்க்க வேண்டியது அடைவுச் சீட்டிலுள்ள கடைசித் திகதியை. தவறி ஏலத்துக்குப் போய்விட்டால், கடனும் வட்டியும் செலவும் கழித்து மிச்சம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பவுண் ஏறியிருக்கும் காலத்தில் மிச்சம் இருக்கக்கூடும்.

விற்பதாயிருந்தால் போயாவிலோ பெருநாளிலோ வீடு தேடி வந்து பழைய நகை கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். அவர் சொல்வது நேற்றைய விலை. புதிய விலை அவருடைய தொலைபேசியில் ஏற்கெனவே வந்திருக்கும். கடை திறந்த பிறகு இரண்டு இடங்களில் விசாரியுங்கள். “இன்று பவுண் என்ன விலை?” என்று கேட்டால் அவர்கள் விற்கும் விலையைச் சொல்வார்கள். “22 கரட் பழைய நகை, பவுணுக்கு என்ன கொடுப்பீர்கள், எவ்வளவு கழிப்பீர்கள்?” என்று கேளுங்கள். நிறுக்கும்போது தராசைப் பார்க்கக்கூடிய இடத்தில் நில்லுங்கள்.