வரப்பை மட்டும் அளந்தால் போதாது

கேள்வி: ஐந்து மூலை உள்ள ஒரு நிலத்தை வாங்க இருக்கிறோம். ஐந்து வரப்புகளையும் டேப் பிடித்து அளந்துவிட்டோம். இதை வைத்தே எத்தனை சென்ட் என்று கணக்கிடலாமா? பிள்ளைகளின் பாடத்தில் வரும் கோணக் கணக்கு இதற்கு உதவுமா?

பதில்: வரப்பு நீளத்தை மட்டும் வைத்துப் பரப்பளவைச் சொல்ல முடியாது. நான்கு மூங்கில்களைச் சட்டமாகக் கட்டி நிறுத்தினால், அது பக்கவாட்டில் சாயும். மூங்கிலின் நீளம் மாறாது. உள்ளே இருக்கும் இடம் குறையும். நிலமும் அப்படித்தான். நான்கு பக்கமும் 30 மீட்டர், நான்கு மூலையும் 90 டிகிரி என்றால் 900 சதுர மீட்டர். சுமார் 22 கால் சென்ட். அதே 30 மீட்டர் வரப்புகளில் ஒரு மூலை 60 டிகிரியாக ஒடுங்கியிருந்தால் 779 சதுர மீட்டர். 19 கால் சென்ட்தான். வித்தியாசம் ஏறக்குறைய 3 சென்ட்.

அந்தச் சட்டத்துக்குக் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டினால் சாயாது. காரணம், அது இரண்டு முக்கோணங்களாகிவிடுகிறது. மூன்று பக்கமும் தெரிந்தால் முக்கோணத்தின் வடிவம் மாறாது.

உங்கள் நிலத்தில் ஒரு மூலையில் நின்று, பக்கத்து மூலைகள் இரண்டையும் விட்டு, மற்ற இரண்டுக்கும் கயிறு கட்டுங்கள். மூன்று முக்கோணங்கள் கிடைக்கும். ஏதாவது ஒரு மூலை உள்வாங்கியிருந்தால், அந்த மூலையிலிருந்தே கயிறு கட்டுங்கள். ஒவ்வொரு முக்கோணத்திலும் நீளமான பக்கத்தையும், எதிர் மூலையிலிருந்து அதற்குச் செங்குத்தாக உள்ள தூரத்தையும் மீட்டரில் அளந்து, பெருக்கிப் பாதியாக்குங்கள். மூன்றையும் கூட்டி 40.47 ஆல் வகுத்தால் சென்ட் கிடைக்கும்.

பாடத்தில் வரும் கணக்கும் இதுதான். ஒரு முக்கோணத்தின் கோணங்கள் 180 டிகிரி, மூன்றுக்கும் 540. மூலைகளின் எண்ணிக்கையில் 2 கழித்து 180 ஆல் பெருக்கினால் உட்கோணங்களின் கூட்டுத்தொகை வரும். நான்கு மூலைக்கு 360, ஆறு மூலைக்கு 720. மூலைகளைக் கருவி வைத்து அளந்தால், ஐந்தும் சேர்ந்து 540-ஐ ஒட்டி வர வேண்டும். வெகுவாக விலகினால் எங்கோ அளவு தவறியிருக்கிறது.

எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தில் நிலத்தின் குறுக்கேயும் கோடுகளும் நீளங்களும் இருப்பது இதனால்தான். உங்கள் அளவை அதனுடன் ஒப்பிடுங்கள். மாறுபட்டால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே நில அளவரைக் கொண்டு அளக்க விண்ணப்பியுங்கள்.