கட்டணமில்லா விளம்பரத்தின் விலை

ஆரியசாலைச் சந்திப்பிலிருந்து சாலைக் கடைவீதிக்குள் நடந்தால், ‘ஆள் தேவை’ என்னும் அட்டைகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய இந்த அங்காடியில் கடை வைத்த தமிழ் வணிகர்கள், நெடுங்காலம் ஒரே முறையில்தான் ஆள் சேர்த்தார்கள். ஊருக்குச் சொல்லியனுப்பினால், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை வந்து சேரும். இன்று அந்தப் பிள்ளை கைபேசியில் வேலை தேடுகிறது. ஆகவே கடைக்காரர்களும் இணையத்தை நாடுகிறார்கள்.

அங்கே விளம்பரம் செய்யப் பணம் தேவையில்லை. நடுவண் அரசு 2015 ஜூலையில் தொடங்கிய ‘நேஷனல் கேரியர் சர்வீஸ்’ இணையதளத்தில் வேலை தருவோரும் தேடுவோரும் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். தனியார் துறை வேலைகளுக்கெனத் தமிழ்நாடு அரசும் இத்தகைய தளம் ஒன்றை நடத்துகிறது. குமரி மாவட்டத்திலிருந்து ஆள் எதிர்பார்ப்போருக்கு அது உதவும்.

ஆயினும், “பதிவு செய்தோம், பயனில்லை” என்று வாடிக்கையாளர்கள் எங்களிடம் குறைபடுவதுண்டு. பாத்திரக் கடை உரிமையாளர் ஒருவர் தம் விளம்பரத்தைக் காட்டினார். “விற்பனையாளர் தேவை. தகுந்த சம்பளம். நேரில் வரவும்” என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஆறு பேர் நேரில் வந்தனர். சம்பளத்தைக் கேட்டதும் ஐவர் திரும்பினர். சேர்ந்த ஒருவரும், இரவு ஒன்பது மணி வரை கடை உண்டென்று அறிந்து, இரண்டாம் வாரமே நின்றுவிட்டார். அந்த ஓணக்கால விற்பனையை அவர் ஆளின்றியே சமாளித்தார். கணக்கில் எழுதாத செலவும் செலவே என்பது வணிகவியலின் முதற்பாடம்.

சம்பளத்தை மறைக்கும் விளம்பரம் இலவசமாக வெளிவந்தாலும் விலை மிகுந்தது என்பதே எங்கள் கருத்து.

தொகையை வெளியிட்டால் பக்கத்துக் கடைக்காரர் கூடுதலாகத் தந்து ஆளை இழுத்துக்கொள்வார், பழைய பணியாளரும் கேள்வி கேட்பார் என்று வணிகர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் பொய்யன்று. ஆனால், எந்தக் கடையில் என்ன சம்பளம் என்பது தேநீர்க் கடையில் முன்பே பேசப்படும் செய்தி. புதியவருக்குத் தரும் தொகையைப் பழையவர் அறியக் கூடாது என்று நினைக்க நேர்ந்தால், முதலில் திருத்த வேண்டியது பழையவரின் சம்பளத்தையே.

வேறொரு காரணமும் உண்டு. வேலை தருவதாகச் சொல்லிப் ‘பதிவுக் கட்டணம்’, ‘சீருடைத் தொகை’ என்று பணம் பறிப்போர் இணையத்தில் பெருகிவிட்டனர். பணத்தை அனுப்பிய பின் கலங்கிய முகத்துடன் எங்கள் கிளைக்கு வரும் இளைஞர்களை நாங்கள் பார்க்கிறோம். உடனே 1930 என்னும் எண்ணை அழைக்கச் சொல்கிறோம். தாமதித்தால் பணத்தை மீட்பது அரிது. ஒருமுறை ஏமாந்தவர், விவரமில்லாத நேர்மையான விளம்பரத்தையும் ஐயத்துடனே பார்ப்பார்.

ஆகவே கடையின் பெயர், முகவரி, மாதச் சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை ஆகியவற்றை எழுதுங்கள். வருங்கால வைப்பு நிதி உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். பணியாளர் அமர இருக்கை தரவேண்டுமெனக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டம் திருத்தின. ‘உட்கார இருக்கை உண்டு’ என்னும் ஒரு வரி, நாள் முழுதும் நின்று களைத்த ஒரு பெண்ணை உங்கள் கடைக்கு அழைத்து வரலாம். ‘எக்கட்டணமும் பெறுவதில்லை’ என்று முடியுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் செலுத்துவதாகவும் குறிப்பிடலாம். நாளை அவர் கடன் கேட்டு எங்களிடம் வரும்போது, அந்தக் கணக்கே அவருடைய வருமானத்துக்குச் சான்று.

அந்தப் பாத்திரக் கடை உரிமையாளர் தம் விளம்பரத்தை இவ்வாறு மாற்றி எழுதினார். இம்முறை விண்ணப்பித்தவர்கள் ஒன்பது பேர் மட்டுமே. அவர்களுள் இருவர் சேர்ந்தனர். இருவரும் இன்றும் அக்கடையில் இருக்கிறார்கள்.